பாபிலோனில் பூப் போட்டவர்கள்

வேரோனிக்கா அலெக்சாந்தரைப் பாடமாக்கியது லோண்டறி அறையில்தான். ரொறன்ரோவில் ரெக்ஸ்டேலில் அவர்கள் இருந்த பதினாலு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற எட்டு மெஷின்கள் நிற்கும். அதிலே மூன்று எப்போதும் பழுது. மிச்சம் ஐந்தும் சுற்றுகிற சத்தத்துக்குள்ளே, முப்பத்தெட்டு வயது மனுசி ஒருத்தி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவருக்கும், அந்தச் சுவரில் இருந்து இந்தச் சுவருக்கும் நடந்து நடந்து முணுமுணுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? செபமாலை சொல்லுகிறாள் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். மூளை பிசகிவிட்டது என்று மிச்சப் பேர் நினைத்தார்கள். ஐந்தாம் மாடிப் பாலேஸ்வரி மட்டும் உடுப்பு மடிக்கிற சாட்டில் கிட்டப் போய்க் காது கொடுத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு மேலே போய், தாரியஸ் என்ற ஒருவன் சண்டையை விட்டுவிட்டுத் தேரில் ஏறி ஓடுகிறானாம், வேரோனிக்கா அக்கா அவனுக்குப் பின்னாலே போகிறா என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டாள்.

ஏன் பின்னாலே போனாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வேரோனிக்கா ஊர்காவற்றுறைக்காரி. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, ஓ லெவல் சோதனையில் ஆறு பாடத்துக்கு அதிசிறப்பான டி, இரண்டுக்கு சி எடுத்தவள். கெட்டிக்காரி என்றால் சும்மா கெட்டிக்காரி அல்ல. நேர்ஸ் ஆக வேண்டும் என்பதுதான் சின்ன வயதில் இருந்து அவளுடைய ஒரே பிடி. முதலில் ஆஸ்பத்திரியில் அற்றெண்டன்ற் வேலைக்குச் சேர்ந்தாள், பிறகு படிப்புக்குக் கேட்டு எழுதினாள், பெயரும் வந்தது. பெயர் வந்த கையோடு சண்டையும் வந்தது. தொண்ணூறாம் ஆண்டு தீவை விட்டு ஓடினபோது சான்றிதழ்கள் அலுமாரிக்குள் இருந்தன, அலுமாரி வீட்டுக்குள் இருந்தது, வீடு இப்போது இல்லை. அவ்வளவுதான் அந்தக் கதை. கொழும்பு, பிறகு ரொறன்ரோ.

இங்கே வந்து முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. கிழவர்களைக் குளிப்பாட்டுவாள், ஒவ்வொரு வாயாகச் சாப்பாடு தீத்துவாள், கட்டிலைத் திருப்புவாள். அவர்களுக்குக் காய்ச்சல் வருகிறதை நேர்சுக்கு முதலே இவள் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் கையில் ஊசி தர மாட்டார்கள். அவள் கொலிச்சுக்குப் போய் விசாரித்தாள். ஹைஸ்கூல் டிப்ளோமா இல்லாமல் நேர்சிங் படிப்பில் எடுக்க மாட்டோம் என்றார்கள். பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே அவளைக் கேள்வி கேட்டு, வயதையும் அனுபவத்தையும் பார்த்து, எல்லாவற்றுக்கும் கிரெடிட் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பாடம் மட்டும் படித்துச் சித்தியடைந்தால் டிப்ளோமா தரலாம் என்றார்கள். உயிரியல் வகுப்பு நிரம்பிவிட்டது. கணக்கு நிரம்பிவிட்டது. தொண்ணூற்றி நாலாம் ஆண்டு தை மாதம் இடம் இருந்தது ஒரே ஒரு பாடத்தில். பழங்கால உலக வரலாறு. வைகாசி முடிவதற்குள் டிப்ளோமாவைக் காட்டாவிட்டால் கொலிச்சில் அந்த வருசத்துக்குக் கதவு மூடிவிடும்.

இப்படித்தான் ஒரு நேர்ஸ் ஆவதற்கு அலெக்சாந்தரின் பின்னாலே போக வேண்டி வந்தது.

படிப்பித்தவர் மக்கலம் என்று ஒரு நெட்டை மனிதர். ஸ்வெற்றர் முழுக்க சோக்குத் தூள். ராசாக்கள் அடிபட்டதை அவர் ஹொக்கி மட்ச் சொல்லுகிற மாதிரிச் சொல்லுவார், அசீரியாவைப் பாபிலோன் அடித்தது, பாபிலோனைப் பாரசீகம் அடித்தது, பாரசீகத்தைக் கிரேக்கம் அடித்தது என்று கையைக் காலை ஆட்டிக்கொண்டு. வகுப்பில் கொஸ்தாஸ் என்று ஒரு கிரேக்கர் இருந்தார், டோனட் கடையில் வேலை. ஷிரீன் என்று ஒரு ஈரான்காரி இருந்தாள், தலைமயிர் வெட்டுகிறவள். அலெக்சாந்தர் பாடம் தொடங்கின அன்றைக்கு இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. எங்கள் பெரிய அலெக்சாந்தர் என்றார் கொஸ்தாஸ். எங்கள் நகரத்தை எரித்த குடிகாரன் என்றாள் ஷிரீன். இரண்டாயிரத்து முந்நூறு வருசத்துக் கோபம் அப்படியே சூடாக இருந்தது. மக்கலம் யோசித்துப் பார்த்துவிட்டு வேரோனிக்காவைக் கொண்டுபோய் இருவருக்கும் நடுவிலே இருத்தினார். மூன்று கிழமை அவள் போர்நிறுத்த எல்லையாக இருந்தாள். இந்தப் பக்கத்தில் இருந்து டோனட் வரும், அந்தப் பக்கத்தில் இருந்து பிஸ்தா வரும், இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டு அவள் புத்தகத்தைப் பார்த்தபடி இருப்பாள்.

சோதனை வந்தது. பாரசீகப் பேரரசு எப்படி விழுந்தது என்பதுதான் கேள்வியாக வரும் என்று எல்லாருக்கும் தெரியும். புத்தகத்தில் அந்த அத்தியாயம் இருபத்திரண்டு பக்கம். வேரோனிக்கா இருபத்திரண்டையும் பாடமாக்கினாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் படிப்பு என்றால் அதுதான். சிஸ்டர் யூஜினி பின்னாலே கையைக் கட்டிக்கொண்டு நடப்பா. ஒரு சொல் மாறினாலும் நின்று திரும்பி, புத்தகம் எழுதினவரை விட உனக்குக் கூடத் தெரியுமோ என்று கேட்பா. அப்படிப் படித்தவர்கள்தான் டொக்டராகவும் இஞ்சினியராகவும் உலகம் முழுக்கப் போயிருக்கிறார்கள், அதைக் குறை சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகட்டும்.

வீட்டிலே புருசன் அல்பேட் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் இடியப்பம் பிழிந்துகொண்டே ஒப்பிப்பாள். அல்பேட் கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. வேலை விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றுகிறதுக்கு முதலே புத்தகம் கையில் ஏறிவிடும்.

மகள் அனோஜாவுக்குப் பதின்மூன்று வயது. இந்தக் கூத்தை அவள் இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, யூ கான்ட் டூ தட். உங்கட ஓன் வேர்ட்ஸில எழுதோணும்."

"என்ர சொல்லில எழுதினால் பிழை வரும் பிள்ளை. புத்தகத்தின்ர சொல்லில பிழை வராது."

அனோஜா தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் இடியப்பத்தைப் பார்த்தார்.

சோதனை முடிந்து நாலாம் நாள், எல்லாருடைய தாளும் வந்தது, வேரோனிக்காவின் தாள் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் உதவி அதிபரின் அறைக்கு வரச் சொல்லி ஒரு துண்டுக் கடதாசி வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். வேறு எதற்கு? குளியலறைக்குப் போய் முகம் கழுவி, தலையைச் சீவி, சிரித்த முகத்தோடு உள்ளே போனாள். உதவி அதிபர் ஒரு பெண், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தா. மக்கலம் பக்கத்தில் இருந்தார். மேசையில் அவளுடைய தாளும் புத்தகமும் அக்கம் பக்கமாக விரித்துக் கிடந்தன.

மக்கலம் மெதுவாகத்தான் தொடங்கினார். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை என்றார். வேரோனிக்கா தலையை ஆட்டி நன்றி சொன்னாள். புத்தகத்தில் ஒரு ஆண்டு பிழையாக அச்சடித்திருக்கிறது, முந்நூற்று முப்பத்தொன்று என்று வரவேண்டியது முந்நூற்றுப் பதின்மூன்று என்று நிற்கிறது, அந்தப் பிழையும் இந்தத் தாளில் அப்படியே இருக்கிறது என்றார். அதற்கும் அவள் நன்றி சொல்லப் போனாள். அப்போதுதான் உதவி அதிபர் அந்தச் சொல்லைச் சொன்னா. கொப்பி அடித்திருக்கிறீர்கள். மடிக்குள் புத்தகத்தை வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சைபர், பாடமும் அத்தோடு முடிந்தது.

வேரோனிக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு போனது. கிரெடிட் போனால் டிப்ளோமா போகும், டிப்ளோமா போனால் கொலிச் போகும், அது அவளுக்கு உடனே விளங்கியது. ஆனால் அவளை எரித்தது அது இல்லை. அவளுடைய பள்ளிக்கூடத்தில் கொப்பி அடித்த பிள்ளையைத் தாயைக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். பத்து வருசத்தில் அப்படி ஒருத்தியைத்தான் அனுப்பினார்கள், அந்தப் பெண்ணுக்குக் கலியாணம் பேசும்போதுகூட ஊரில் அந்தக் கதை வந்தது.

அவள் எழும்பினாள். புத்தகத்தை மூடி மக்கலத்தின் பக்கமாகத் தள்ளினாள். கதிரையைப் பின்னுக்கு நகர்த்திவிட்டு, கைகளைப் பின்னாலே கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி முதலாம் பக்கத்தில் தொடங்கினாள்.

ஒரு பக்கம் போனது. இரண்டு பக்கம் போனது. மக்கலம் புத்தகத்தை விரித்து விரலால் வரி வரியாகப் பார்த்தார். பிறகு இடையில் நிறுத்தி, வேறு ஒரு பக்கத்தைத் திருப்பி, அதில் நடுவில் இருந்து மூன்று சொல் வாசித்தார். வாசித்து வாய் மூட முதல் அவள் நாலாவது சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பாரசீக ராசா தாரியஸ் தேரில் ஏறினான், குதிரை மாறினான், ஓடினான். உதவி அதிபர் போதும் என்று கையைக் காட்டினா. பந்தி முடியாமல் நிறுத்துகிற பழக்கம் வேரோனிக்காவுக்கு இல்லை. முடித்துவிட்டுத்தான் கதிரையில் இருந்தாள்.

உதவி அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. மன்னிக்க வேண்டும் என்றா, மனதாரத்தான் சொன்னா. தான் இருபத்தாறு வருசம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாவாம், இப்படி ஒன்றை இன்றைக்குத்தான் கண்டாவாம். மக்கலமும் சிரித்தார். ஆனால் அந்த மனிதரும் பிடிவாதக்காரர். நீங்கள் கொப்பி அடிக்கவில்லை, அது எனக்கு இப்போது தெரியும் என்றார். ஆனால் நான் கேள்வியை உங்களிடம் கேட்டேன், பதில் சொன்னது புத்தகம், புத்தகத்துக்கு நான் கிரெடிட் கொடுக்க முடியாது என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு சோதனை. கேள்வியை அங்கேயே எழுதிக் கொடுத்தார்: ஒரு பழைய நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஆட்சி மாறியபோது சாதாரண மனிதர்களுக்கு என்ன மாறியது?

வேரோனிக்கா பஸ்ஸில் வரும்போது புத்தகம் முழுவதையும் புரட்டினாள். ராசாவுக்கு என்ன மாறியது என்று இருந்தது. படைக்கு என்ன மாறியது என்று இருந்தது. சாதாரண மனிதர்கள் புத்தகத்தில் இல்லை. பாடமாக்க ஒரு வரி கிடையாது. வீட்டுக்கு வந்து புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு, தான் இனிப் போவதில்லை, கிழவர்களைக் குளிப்பாட்டியே காலம் கழியட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அல்பேட் சோற்றைப் பிசைந்துகொண்டு கேள்வியை வாங்கிப் பார்த்தார். அனோஜாவைக் கொண்டு தமிழில் சொல்லுவித்தார்.

"உதில என்ன கஷ்டம்? இராமன் ஆண்டாலென்ன இராவணன் ஆண்டாலென்ன எண்டு ஒரு வரி எழுதிப்போட்டு வாருமன்."

"ஆர் ஆண்டாலும் ஒண்டெண்டால், நீங்கள் என்னத்துக்கு இஞ்ச வந்து பனி தள்ளுறியள்?"

அந்தப் பழமொழி வீட்டு வாசல் கூட்டத் தெரியாத ஆரோ ஒரு ஆம்பிளை சொன்னது என்று வேரோனிக்கா மேலும் சொன்னாள். ஆட்சி மாறினால் முதலில் மாறுவது அடுப்படி. கூட்டுறவுச் சங்கக் கடையில் மா இல்லாமல் போகும். மண்ணெண்ணெய் இல்லாமல் போகும். ஒரு படை வந்தால் வெளியே போய்வர ஒரு பாஸ், அது போய் மற்றது வந்தால் முதல் பாஸை ஒளிக்க வேண்டும், ஒளித்த இடம் மறந்துபோகும். இப்படிச் சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அந்த அத்தியாயத்தில் பதினெட்டாம் பக்கம். அலெக்சாந்தர் பாபிலோனுக்குள் வருகிறான். மக்கள் வீதியெல்லாம் பூத் தூவி, மாலையோடு, மகிழ்ச்சியாக வரவேற்றார்கள் என்று இருந்தது. அந்த வரியை லோண்டறியில் நாற்பது தரம் சொல்லியிருப்பாள். இன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

"இஞ்சேருங்கோ, எண்பத்தேழில இந்தியன் ஆமி வந்து இறங்கேக்க மாலை போட்டனீங்களோ?"

"போட்டனான். எல்லாரும்தானே போட்டது."

"சந்தோசமாவோ?"

அல்பேட் யோசித்தார். அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"சந்தோசம்தான். கொஞ்சம் பயமும். அம்மா சொன்னா, முன்னுக்கு நிண்டு போடு, முகத்தைத் தெரிஞ்சு வைச்சிருந்தால் பிறகு பிடிக்கமாட்டாங்கள் எண்டு."

"பிறகு பிடிச்சவங்கள்தானே?"

"ஓம். முகம் தெரிஞ்சபடியால்தான் பிடிச்சவங்கள்."

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அல்பேட்டுக்குப் புரையேறியது. அனோஜா ஒன்றும் விளங்காமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவை ஆர் பிடித்தது, ஏன் பிடித்தது, மாலை போட்டால் ஏன் பிடிப்பார்கள் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அல்பேட்டை இரண்டு நாள் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் வைத்திருந்துவிட்டு விட்டதும், அவர் ஒரு கால் செருப்போடு வீட்டுக்கு வந்ததும் இவ்வளவு காலமும் அந்த வீட்டில் சொல்லப்படாத கதைகள். சோறு காய்ந்துபோகும் மட்டும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை வேரோனிக்கா தனிமேசையில் இருந்தாள். தாள் வெள்ளையாகக் கிடந்தது. பின்னாலே கையைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சிஸ்டர் யூஜினி இல்லை, ஆனாலும் முதுகு கூசியது. கால் மணித்தியாலம் ஒன்றும் எழுதவில்லை. மக்கலம் அங்காலே இருந்து ஒருதரம் பார்த்தார். பிறகு அவள் எழுதினாள்.

பாபிலோனில் அலெக்சாந்தர் வருவதற்கு முதல் வீதியை யாரோ கூட்டியிருக்க வேண்டும் என்று தொடங்கினாள். பூவுக்குக் கீழே குப்பை இருந்தால் ராசாவுக்குக் கோபம் வரும், ஆகவே விடிய முதல் பெண்கள் தும்புத்தடியோடு கூட்ட இறங்கியிருப்பார்கள். அதைப் பற்றி ஏழு வரி எழுதினாள். அன்றைக்கு அப்பத்தை வேளைக்கே சுட்டு, பிள்ளைகளுக்குக் கொடுத்து, நகையைப் புதைத்துவிட்டுத்தான் பூப் பறிக்கப் போயிருப்பார்கள். வீட்டில் பூமரம் உள்ளவளுக்குத்தான் கரைச்சல். தன் ஊரில் ஒரு படை வந்தபோது தாயின் நந்தியாவட்டை மரத்தில் ஒரு பூ மிஞ்சவில்லை என்றும், இரண்டு மாதம் கழித்துச் சண்டை மூண்டபோது அதே படைக்கு முன்னாலே அதே வீதியில் வெள்ளைச் சீலையைத் தடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு தாங்கள் நடந்ததாகவும் எழுதினாள். பாபிலோன்காரருக்கு இது முதல் தரமும் இல்லை. அதற்கு இருநூறு வருசம் முதல் பாரசீகத்துச் சைரஸ் உள்ளே வந்தபோதும் நல்வரவு சொன்னவர்கள்தானே. யாரையும் எதிர்த்து நிற்க முடியாத ஊருக்குப் பூதான் மதில் என்று எழுதினாள். கடைசியில், மகிழ்ச்சியாக என்ற சொல்லைப் புத்தகத்தில் இருந்து வெட்ட வேண்டும் என்று எழுதி, ஏன் என்றும் எழுதினாள். பூப் போட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சந்தோசம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இங்கிலீசில் பிழைகள் நிறைய. அவளுக்கே தெரிந்தது. ஒரு வாழ்நாளில் இவ்வளவு பிழையோடு ஒரு தாளை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை மக்கலம் தாளைக் கையிலேயே கொடுத்தார். எழுபத்திரண்டு. சித்தி. வேரோனிக்கா ஒருதரம் சிலுவை போட்டுக்கொண்டு, அடுத்த நிமிசமே மிச்சம் இருபத்தெட்டு எங்கே போனது என்று கேட்டாள். ஆண்டுகள் ஒன்றும் இல்லை என்றார் அவர். அது சரி என்று ஒப்புக்கொண்டாள். தும்புத்தடிக்கு ஏழு வரி கூடிப்போய்விட்டது என்றார். அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டாத வீதியில் ராசா வந்ததாக ஒரு புத்தகத்தைக் காட்டுங்கள், பிறகு குறையுங்கள் என்று நின்றுகொண்டாள். அவர் அப்படி ஒரு புத்தகத்தைத் தேடிக் காணாமல், சிவப்புப் பேனையை எடுத்து எழுபத்திரண்டை எழுபத்தைந்தாக்கினார்.

தாளில் ஒரேயொரு இடத்தில் அவர் இரண்டு சரி போட்டிருந்தார். எனக்குத் தெரியாது என்று அவள் எழுதின வரியில். கை தவறிப் போட்டுவிட்டீர்களோ என்று கேட்டாள். இல்லை, அதற்குத்தான் முதலில் போட்டேன் என்றார் அவர்.

பள்ளிக்கூட வாசலில் இருந்த போனில் அவள் அல்பேட்டின் தொழிற்சாலைக்கு எடுத்தாள். சுப்பவைசர் கூப்பிட்டுவிட, அல்பேட் மெஷின் சத்தத்துக்குள்ளே ஓடி வந்து, ஆருக்கு என்ன நடந்தது என்று கத்தினார். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, சித்தி, எழுபத்தைந்து, நாளைக்குக் கொலிச்சுக்குப் போய்ப் பதிய வேண்டும், லீவு எடுங்கோ என்றாள். பிறகு அந்த இரண்டு சரியைப் பற்றியும் சொன்னாள்.

அல்பேட் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு திருப்பிக் கேட்டார்.

"தெரியாது எண்டு எழுதினதுக்கோ மார்க்ஸ் போட்டவர்?"

"ஓம்."

"அப்ப நானும் வந்து சேரட்டே? எனக்கு எவ்வளவோ தெரியாது."